போர் அடிக்குது, வேற ஏதாவது சொல்லுங்க!

மே மாதத் தபால் எப்போதும் இப்படித்தான். பள்ளிக்கூடம் லீவு, வெளியே தலைகாட்ட முடியாத வெயில், மத்தியானம் ரெண்டு மணிக்குக் கரண்ட் வேறு போய்விடுகிறது. வந்த கேள்விகளில் பாதி 'போர் அடிக்கிறது' என்றுதான் தொடங்குகின்றன. வாட்ஸ்அப்பில் வந்தவை, மெயிலில் வந்தவை, நீல இன்லேண்ட் லெட்டரில் ஒன்று (எர்ணாவூரிலிருந்து மாதம் தவறாமல் எழுதுகிறார், எழுத்து முத்து முத்தாக இருக்கும், கேள்விதான் இருக்காது). சரி, இந்த வாரம் இதையே பேசிவிடலாம் என்று அரசியல், ஆன்மிகம், சர்க்கரைக்கு வெந்தயம் நல்லதா வகையறாக்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கூல் லீவு விட்டதிலிருந்து என் பையன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'போர் அடிக்குதும்மா' என்கிறான். போனைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே பாட்டு. வயசு பத்து. என்ன செய்ய?
- இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

அவன் சொல்வது கேள்வி இல்லை சகோதரி, தகவல். வெயில் அடிக்கிறது என்பதைப் போல. 'அப்படியா கண்ணு' என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குக் குழம்பைக் கொதிக்க விடுங்கள்.

எனக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம், முன்னறையில் பாய், சுற்றி வேப்பிலை, ஜன்னல் சாத்தியிருக்கும், யாரும் உள்ளே வரக்கூடாது. ரேடியோ ஹவுஸ் ஓனர் வீட்டில்தான். படிக்கக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று பாட்டி உத்தரவு. மூன்றாம் நாள் மத்தியானம் எதிர்ச்சுவரில் ஒரு சைக்கிள் தலைகீழாகப் போனது. ஜுரத்தில் என்னவோ தெரிகிறது என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் ஒரு சிவப்புப் புடவை, அதற்குக் கீழே கூடை, கூடைக்கு மேலே கால்! மீன்காரம்மா. 'வஞ்சிரம், சங்கரா' என்று குரல் தெருவில் கேட்கிறது, ஆள் என் சுவரில் தலைகீழாக நடந்து போகிறார். கதவில் ஆணி பிடுங்கின ஓட்டை ஒன்று இருந்தது, அது செய்த வேலை. வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும், அதனால் மேலேயிருந்து வருவது சின்னத் துளைக்குள் நுழைந்து கீழே விழுகிறது, கீழேயிருந்து வருவது மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. கேமரா என்பதே இதுதான் என்று பிற்பாடு ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. நான்தான் அதற்குள்ளேயே பத்து நாள் படுத்திருந்தேனே.

உங்கள் பையனுக்கு அம்மை வேண்டாம். தெருவைப் பார்த்த ஜன்னலை அட்டைப்பெட்டி வெட்டி அடைக்கச் சொல்லுங்கள், நடுவில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெளியே நல்ல வெயில் இருக்க வேண்டும், உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும். எதிர்ச்சுவர் வெள்ளையாக இல்லையென்றால் ஒரு வேட்டியைக் கட்டுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, 'போர் அடிக்குதும்மா' என்று சத்தம் வரும், அந்த நேரத்தில் மட்டும் உள்ளே போய்விடாதீர்கள். கண் பழகினதும் அவனே கூப்பிடுவான்.

போர், அறுவை, பிளேடு, மொக்கை எல்லாம் ஒன்றுதானா? இல்லை வித்தியாசம் உண்டா?
- கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை

நல்ல கேள்வி, தமிழ் வாத்தியாரிடம் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

அறுவை, ரம்பம், பிளேடு, கடி. கவனித்தீர்களா, அத்தனையும் வெட்டுகிற சமாச்சாரம். ஒருவன் பேசிப் பேசி நம்மை அறுக்கிறான் என்கிற வேதனை அதில் இருக்கிறது. அறுப்பவனுக்குக் கூர்மை இருந்தது என்று ஒரு மரியாதைகூட இருக்கிறது என்று வையுங்களேன். அப்புறம் வந்தது மொக்கை. மொக்கை என்றால் மழுங்கியது, கூரே இல்லாதது. மழுங்கின கத்தியால் அறுபடுவதுதான் கூர்க்கத்தியைவிடக் கொடுமை என்று கண்டுபிடித்தவன் எவனோ, அவன் ஒரு தீர்க்கதரிசி, அவனுக்குப் பிறகுதான் ரீல்ஸ் வந்தது.

'போர்' இறக்குமதி. ஆங்கிலத்திலேயே அந்த அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது, வேர் எது என்று அகராதிக்காரர்களுக்கு இன்னும் உறுதியில்லை. நாம் அதை வாங்கி ஒரு 'அடி' சேர்த்துக்கொண்டோம். பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, ஆனால் போர் மட்டும் அடிக்கிறது, வெயிலும் காற்றும் அடிக்கிற மாதிரி. நாம் சும்மாதான் இருந்தோம், வெளியிலிருந்து எதுவோ வந்து அடித்தது என்று பழியைப் போட வசதி. இதில் நம் பக்கத்தில் 'வீட்டில் போர்' என்றால் கிணறா சண்டையா சலிப்பா என்று மூன்று அர்த்தம் பார்க்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கிணற்றுப் போர் போட்டால் உப்புத் தண்ணி வந்து மற்ற இரண்டும் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

சலிப்பு நல்ல சொல். மாவு சலிப்பதும் மனசு சலிப்பதும் தமிழில் ஒரே வினை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருந்து கடைசியில் கப்பி மட்டும் மிஞ்சுகிற வேலை. போனில் கட்டைவிரல் செய்கிறதே, அதே.

ஆனால் எனக்குப் பிடித்தது நம்ம ஊர்ச் சரக்கான 'பேஜார்'. பாரசீகத்தில் பிறந்து, உருது வழியாக வந்த சொல். வெறுத்துப்போனவன், சலித்துப்போனவன் என்று அங்கே பொருள். நம்மிடம் வந்து தொந்தரவு, ரோதனை, நாசம் என்று எதற்கெல்லாமோ ஆகிவிட்டது. 'சும்மா குந்திக்கினு பேஜாரா கீதுப்பா' என்று ஒருவர் சொன்னால் அவர் பாரசீக மூலத்துக்கு மிக அருகில் பேசுகிறார், சிரிக்கக்கூடாது.

மனுசனால சும்மா உட்காரவே முடியாதா?
- ஐ.டி. ஊழியர், எண்ணூர்

முடியாது என்று ஒரு சோதனையே செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோத்தி வில்சன் என்ற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவும் செய்தது, 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, பக்கத்தில் ஒரு பட்டன் மட்டும். அழுத்தினால் ஷாக் அடிக்கும். அதே ஷாக்கை முன்பே காட்டி, 'காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்' என்று சொன்னவர்களைத்தான் கணக்கில் எடுத்தார்கள். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்திவிட்டார்கள். ஒரு புண்ணியவான் 190 தடவை.

படித்ததும் சிரித்தேன். அப்புறம் நேற்று ஒரு வங்கியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தபோது, அங்கே சார்ஜ் போடுகிற பிளக்கில் 'தொடாதே, ஷாக் அடிக்கும்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நாற்பது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓடிடியில் படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் என்ன பார்ப்பது என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. கடைசியில் டிரெய்லர் நாலு பார்த்துவிட்டுத் தூங்குகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?
- புதுமணத் தம்பதி, புது வண்ணாரப்பேட்டை

எங்கள் வீட்டில் இன்னும் மோசம், தேடும்போதே சண்டை வந்து டிவியே அணைந்துவிடும்.

உங்கள் பேட்டையில் அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினைக்கு வழியே இல்லை. அகஸ்தியாவில் என்ன ஓடுகிறதோ அதுதான் படம். 1967-ல் திறந்த கொட்டகை, 2020-ல் மூடினார்கள். டிக்கெட் கிடைக்கவில்லையா, மகாராணி. அங்கேயும் போர்டு மாட்டிவிட்டார்களா, பாரத். மூன்றிலும் கிடைக்கவில்லையென்றால் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடக்க வேண்டியது. தேர்ந்தெடுக்கிற வேலையைச் சுவரொட்டிக்காரர் செய்துவிடுவார், நாம் 'இன்று இப்படம் கடைசி' என்று குறுக்கே ஒட்டின சீட்டைப் பார்த்துவிட்டு ஓட வேண்டும். மோசமான படமாக இருந்தாலும் நடுவில் எழுந்து வர மனசு வராது, கொடுத்த காசு அப்படி. அதனால் மோசமான படத்தையும் கடைசி வரைக்கும் பார்த்தோம், பார்த்ததால் அதில் ஒரு சண்டைக் காட்சியோ ஒரு பாட்டோ தேறிவிடும். இப்போது பத்தாவது நிமிடத்தில் கிட்டிப்புள் மாதிரி அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறோம், எதுவும் தேறுவதில்லை.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரு ஆபரேட்டர் அண்ணன் ஒரு ரகசியம் சொல்லித் தந்தார். பழைய ஃபிலிம் படங்களில் திரையின் வலது மேல்மூலையில் திடீரென்று ஒரு சின்னப் பொட்டு வந்து போகும். சில வினாடி கழித்து இன்னொன்று. முதல் பொட்டு வந்தால் இரண்டாவது மெஷினை ஓட விட வேண்டும், அடுத்த பொட்டு வந்ததும் ரீலை மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம் ஓடும், 1,000 அடி ரீல் 11 நிமிடம், இரண்டை ஒட்டிப் போட்டால் 20 நிமிடத்துக்கு மேல். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு எந்தப் படமும் போர் அடித்ததில்லை, கதை சரியில்லையென்றால் பொட்டைத் தேட ஆரம்பித்துவிடுவேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் 'இப்ப வரும் பாருங்க' என்று சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் பழைய பிரின்ட்டிலிருந்து அப்படியே ஏற்றின படங்கள் நெட்டில் கிடக்கின்றன, அதில் அந்தப் பொட்டு இருக்கிறது, பாருங்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை. வாரத்துக்கு ஒருவர் தியேட்டர் முதலாளி. அவர் போட்டதுதான் படம், மற்றவர் வாயைத் திறக்கக்கூடாது, இன்டர்வல் கட்டாயம் உண்டு, முறுக்கு யார் கொண்டு வருவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஏரியாவைப் பற்றி நெட்டில் படித்து, 'சும்மா கதை விடறான்' என்று நினைத்து, அப்புறம் உண்மை என்று தெரிந்துகொண்டது ஏதாவது உண்டா?
- ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ராயபுரம்

உங்களிடமே வருகிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் உங்கள் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு வரை கிளம்பியது என்று படித்தபோது நம்பவில்லை. சென்ட்ரலை விட்டுவிட்டு இங்கே எதற்கு வரப்போகிறது என்று நினைத்தேன். சென்ட்ரலே அப்போது கட்டவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த முன்பக்கத் தூண்களை நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், ஏதோ பழைய கோடவுன் என்று.

இன்னொன்று. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் வெளியானது நம்ம பக்கத்துக் கினிமா சென்ட்ரல் கொட்டகையில், அதுதான் பின்னாளில் முருகன் டாக்கீஸ். படப்பெட்டி சென்ட்ரலில் வந்து இறங்கியதும் ஜனங்கள் வால்டாக்ஸ் ரோடு நெடுக ஊர்வலமாகப் பின்னாலேயே வந்து, பூப்போட்டு, தேங்காய் உடைத்தார்களாம். பெட்டிக்கு! நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்கிற படம் அது. அவ்வளவு ஆரவாரம் செய்த படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. வால்டாக்ஸ் ரோடு இருக்கிறது, லாரி நெரிசலோடு.

கானா கேட்டால் அப்பா 'சாவுப் பாட்டை நிறுத்து' என்கிறார். கர்நாடக சங்கீத வகுப்பில் சேரச் சொல்கிறார். நான் என்ன செய்ய?
- பிளஸ் டூ மாணவர், வியாசர்பாடி

சாவு வீட்டில் பாடுவதுதான், அதில் அப்பா சொல்வது தப்பில்லை. அதை ஏன் வசவாகச் சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை.

ஒரு ராத்திரியை யோசித்துப் பார் தம்பி. காலையில்தான் எடுப்பார்கள். வெளியூர்ச் சனம் வந்து சேர வேண்டும். தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, டியூப் லைட், அழுது ஓய்ந்தவர்கள் சுவரில் சாய்ந்திருக்கிறார்கள், தூங்கவும் கூடாது. ரெண்டு மணிக்கு ஒருத்தர் டோலக்கைத் தட்டுகிறார், இன்னொருத்தர் தபேலா, கிடைக்காவிட்டால் காலி டின், அதுவும் இல்லையென்றால் தீப்பெட்டி. செத்துப்போனவர் எந்த மில்லில் வேலை பார்த்தார், யாரிடம் வம்பு வளர்த்தார், எந்தக் கடையில் பாக்கி வைத்தார் எல்லாம் பாட்டில் வரும். அழுகிறவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்கள். விடிகிற வரைக்கும் ஆட்களை உட்கார வைக்கிற பாட்டு அது, லேசான வித்தையா?

2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரங்களின் வரிசையில் சேர்த்தது. 2020 டிசம்பரிலிருந்து 'மார்கழியில் மக்களிசை' என்று சபா சீசனிலேயே கானாவும் பறையும் மேடை ஏறுகின்றன. கானா பாலா நம்ம வியாசர்பாடிக்காரர், சட்டம் படித்தவர் என்பதை அப்பாவிடம் தற்செயலாகச் சொல்கிற மாதிரி சொல்லிப் பார். சங்கீத வகுப்புக்கும் போ. தாளம் தெரிந்தால் எங்கேயும் உதவும்.

மூன்று நாளாக ஒரு துணிக்கடை விளம்பரப் பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுவும் ரெண்டே வரி. நிறுத்த வழி உண்டா?
- ஆசிரியை, பெரம்பூர்

ரெண்டே வரி என்கிறீர்களே, அங்கேதான் விஷயம்.

புளூமா ஜீகார்னிக் என்று ஒரு உளவியலாளர் பெர்லினில் இருந்தார். ஹோட்டல் சர்வர்கள் காசு வாங்காத டேபிளின் ஆர்டரை அட்சரம் பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பில் முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்று கவனித்ததிலிருந்து தொடங்கி, முடியாத வேலை மனசில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று 1927-ல் எழுதினார். பர்மா பஜாருக்கு எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். சுற்றி இருபது பேர் நிற்கிறோம், ஒருத்தருக்குக் காரம் கம்மி, ஒருத்தருக்கு வெங்காயம் வேண்டாம், ஒருத்தருக்கு முட்டை தனியாக, சீட்டு எதுவும் கிடையாது, அந்த அண்ணன் கையால் பிசைந்து பிசைந்து தட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார், ஒன்றுகூட மாறுவதில்லை. காசு கொடுத்துவிட்டு 'எனக்கு இன்னா போட்டீங்க அண்ணே' என்று கேட்டேன். முகத்தையே இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்.

அந்த மாதிரி உங்கள் மண்டையில் பில் போடாத பாட்டு ஒன்று நிற்கிறது. முழுசாகத் தேடிப் பிடித்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இன்னொரு வழி, சூயிங் கம் மெல்வது. இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள், மெல்லும்போது பாட்டு மனசில் வருவது குறைகிறதாம். வாய்க்குள் சத்தமில்லாமல் பாடுகிற வேலை தடைபடுவதால் இருக்கலாம். வகுப்பில் வேண்டாம், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யூடியூபில் முதன்முதலில் ஏற்றிய வீடியோ எது?
- கடிதத்தில் ஊர் இல்லை

2005 ஏப்ரல் 23. யூடியூபைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு முன்னால் நின்று, 'இதுங்களுக்குத் தும்பிக்கை நீளம்' என்கிற அளவுக்கு ஏதோ சொல்கிறார். மொத்தம் 19 வினாடி. அதற்குப் பிறகும் யாரும் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

உங்களுக்கு போர் அடித்தால் என்ன செய்வீர்கள்?
- பெயின்டர், காசிமேடு

கேரம். தெருமுனை மன்றத்தில் போய் நின்றால் போதும், ஆட இடம் கிடைக்காது, நான் ஆடினால் அவர்களும் விடமாட்டார்கள், வேடிக்கைதான். 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் போய் மூன்று தங்கம் அடித்த காசிமா நம்ம வடசென்னைப் பெண். இந்த மாதிரி ஊரில் நான் கையை வைத்தால் ஸ்டிரைக்கர் பாக்கெட்டில் விழாமல் என்ன செய்யும்.

நெட்டில் நீங்கள் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் ஒன்று சொல்லுங்கள். சமையல், ஜோசியம் வேண்டாம்.
- மருந்துக்கடைக்காரர், திருவொற்றியூர்

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் இது.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நின்றால் தூரத்தில் நாலைந்து கப்பல் நிற்குமே. சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், வானத்தில் மேகம் மாதிரி, அதுபாட்டுக்கு நிற்கும். போன வருடம் ஒரு நாள் பஸ் வராத கடுப்பில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது 'மரைன் டிராஃபிக்' என்கிற தளம் கண்ணில் பட்டது. உலகத்துக் கடல் எல்லாம் ஒரே வரைபடமாக, அதில் கப்பல்கள் வண்ண வண்ண அம்புகளாக நகர்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒன்றைத் தொட்டேன். பெயர், எந்த நாட்டுக் கொடி, நீளம் எத்தனை, எங்கிருந்து வருகிறது எல்லாம் வந்து விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் அதே கப்பல் எதிரே, கண் முன்னால், நிலக்கரியோடு எண்ணூருக்குப் போகக் காத்துக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருடமாக எதிர்வீட்டில் குடியிருப்பவர் பெயரை அன்றைக்குத்தான் கேட்ட மாதிரி இருந்தது.

இதன் வேலை எளிது. வெளிநாடு போகிற கப்பல் 300 டன் கொள்ளளவுக்கு மேல் இருந்தால் ஒரு கருவி கட்டாயம், ஏ.ஐ.எஸ். என்பார்கள், 'நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் இந்தப் பக்கம் போகிறேன்' என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காக வைத்தது. கரையில் ஆங்காங்கே ஆர்வலர்கள் ஆன்டெனா வைத்து அதைக் கேட்டுத் தளத்துக்கு அனுப்புகிறார்கள். 2007-ல் கிரேக்க நாட்டில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் தொடங்கியது. போகிற ஊரை மட்டும் கப்பல்காரர்கள் கையால் தட்டிப் போடுகிறார்கள், அதனால் சில சமயம் போன மாதம் போன ஊரே இன்னும் இருக்கும், நம்ம பஸ்களில் போர்டு மாற்றாமல் வருகிற மாதிரி. நமது துறைமுகத்துக்கு அதில் குறியீடு ஐ.என்.எம்.ஏ.ஏ. அந்த எம்.ஏ.ஏ. மெட்ராஸ்தான். ஊர்ப் பெயர் மாறி இத்தனை வருடம் ஆகியும் கடலில் அது இன்னும் மெட்ராஸ்.

இன்னும் ரெண்டு விஷயம் தளத்தில் இல்லை, நின்று பார்த்தால்தான் தெரியும். நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும், நீரோட்டமும் காற்றும் சேர்ந்து திருப்பிவிடுகின்றன. வாடைக் காற்று திரும்பினால் அவையும் திரும்பும். அப்புறம், அடியில் சிவப்புப் பெயின்ட் நிறையத் தெரிந்தால் காலிக் கப்பல், தெரியாமல் அழுந்தி இருந்தால் சரக்கு இருக்கிறது. இதை நான் கண்டுபிடித்த பெருமையோடு வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னேன். 'இதுக்கு போனு வோணுமா' என்றார்.

இதே ரகத்தில் இன்னொரு கதை. 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில், காபி குடிக்க மாடி ஏறி இறங்கிப் போனால் ஜாடி காலி, எரிச்சல். ஒரு கேமராவை ஜாடிக்கு எதிரே வைத்து, படம் தங்கள் கம்ப்யூட்டரில் தெரிகிற மாதிரி செய்துகொண்டார்கள். 1993-ல் அதை இன்டர்நெட்டில் விட்டதும் உலகமே அந்தக் காபி ஜாடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நிறைந்திருக்கிறதா, காலியா, அவ்வளவுதான் நிகழ்ச்சி. 2001-ல் கேமராவை நிறுத்தி, ஜாடியை ஏலம் விட்டார்கள், 3,350 பவுண்டுக்குப் போனது. உலகத்தின் முதல் வெப்கேம் இதுதான் என்கிறார்கள். எங்கள் தெருவில் தண்ணி லாரி வருகிறதா என்று பார்க்க மொட்டை மாடியில் ஒரு பையனை நிறுத்துவோம், அதுவும் அதே தொழில்நுட்பம், ஒரு ரூபா கமர்கட் செலவு.

ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய கேசட். மருமகள் தூக்கிப்போடச் சொல்கிறாள். பாட்டு எல்லாம்தான் போனிலேயே இருக்கிறதே, போட்டுவிடவா?
- தாத்தா, மணலி

கடையில் வாங்கின கேசட்டா, நீங்களே பதிந்ததா, அதைச் சொல்லவில்லையே ஐயா. கடைக் கேசட் என்றால் மருமகள் பக்கம் நியாயம் இருக்கிறது. பூஞ்சை பிடித்திருந்தால் டெக்கையும் கெடுத்துவிடும்.

நீங்களே பதிந்தது என்றால் கொஞ்சம் பொறுங்கள். சிக்ஸ்டி கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம், டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், கணக்குப் போட்டால் சுமார் 86 மீட்டர். ஒரு தெரு நீளம் வரும் (எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு தடவை எங்கள் பசங்க ஒன்றை உருவிப் பட்டத்துக்கு வால் கட்டிவிட்டார்கள், தெருமுனை வரை போனது). அந்தத் தெரு நீளத்தில் பாட்டு மட்டுமா இருக்கும்? எங்களிடம் அப்போது டேப் ரெக்கார்டருக்கு ரேடியோவோடு வயர் கிடையாது. இலங்கை வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டு, முன்னால் டேப்பை வைத்து, ரெக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கி, வீட்டில் எல்லாரையும் 'உஷ்' என்று மிரட்டிவைத்துப் பதிந்தது. யார் அடங்கினாலும் அடுப்பு அடங்காதே. எனக்குப் பிடித்த ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்தில் 'கண்ணே' என்று இழுக்கிற இடத்தில் சரியாகக் குக்கர் விசில் அடிக்கும். அதைத் தொடர்ந்து அம்மா குரல், 'மூணு ஆயிடுச்சா, ரெண்டா?'

போனில் அந்தப் பாட்டு துல்லியமாக இருக்கிறது. ஆனால் 'கண்ணே' வந்ததும் இன்றைக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு விசிலுக்குக் காத்திருக்கிறேன். வருவதில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

பெட்டியை இந்த ஞாயிறு வரை வைத்திருங்கள். பென்சில் விட்டு ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள், ஆறு பட்டை போட்ட பென்சிலாக இருக்கட்டும், உருண்டைப் பென்சில் வழுக்கும்.